வீட்டுக்குள் ஒரு சைக்கிள்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



பங்கு இல்லத்துக்குப் பலரும் பல காரியமாக வருவார்கள். ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு வருவார்கள். திருமண ஓலை எழுதக் கொடுப்பார்கள். பூசைக் கருத்துக்குப் பணம் கட்டுவார்கள். சில நேரம் அண்ணன் தம்பி வரப்புச் சண்டைகூட எங்கள் வராந்தாவில் வந்து உட்காரும். இந்த ஆண்டு சனவரி மாதத்தில் ஒரு மாலை வந்த தம்பதியர் இவற்றில் எதற்காகவும் வரவில்லை. கைப்பேசியைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார்கள். நின்ற இடத்திலேயே மிதிக்கிற உடற்பயிற்சி சைக்கிள். கறுப்பு நிறம், முன்னால் பெரிய திரை. விலை 78,000 ரூபாய்.

"மாசம் ஆறாயிரத்து ஐந்நூறு வீதம் பன்னிரண்டு தவணை. வட்டியே கிடையாதாம். வாங்கலாமா கூடாதா, நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி" என்றார் கணவர். கேள்வி ஒன்றுதான். ஆனால் இருவரும் வெவ்வேறு பதிலை எதிர்பார்த்து வந்திருந்தார்கள். மனைவிக்கு அது வேண்டும். நான்கு ஆண்டுகளாக அவருக்குச் சர்க்கரை. தினமும் அரை மணி நேரம் உடம்பை அசைத்தே ஆக வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். துபாயில் இருக்கிற மகன் முதல் இரண்டு தவணையை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான். கணவருக்கோ அது வீண் செலவு. "எங்கம்மா அறுபது வயசு வரைக்கும் கிணத்துல தண்ணி இறைச்சாவ. அவிய என்ன சைக்கிளா வாங்கினாவ? தெருவுல நாலு சுத்து சுத்தினா போதாதா? அந்தக் காசுக்கு நம்ம பங்குல எத்தனை ஏழைங்களுக்கு உதவலாம்!"

நாங்கள் சிரித்துவிட்டோம். சிரித்ததோடு நிற்கவில்லை. எங்கள் வராந்தாவையே கைகாட்டினோம். அங்கே அப்படி ஒரு சைக்கிள் நிற்கிறது. சென்னைக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பம் போகும்போது பங்கு இல்லத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனது. உதவிப் பங்குத்தந்தையும் நாங்களுமாக அதைப் பதினொரு நாள் மிதித்தோம். பன்னிரண்டாம் நாள் மழை. பதின்மூன்றாம் நாள் அன்பியக் கூட்டம். அதற்குப் பிறகு எங்கள் கோயில்பிள்ளை பீடத்துணிகளைக் காயப்போட அதைவிட வசதியான இடம் வேறு இல்லை என்று கண்டுகொண்டார். "வாங்கினா இதுக்குத்தான் ஆகும், பாத்துக்கோங்க" என்றோம். கணவரும் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. "சரி சாமி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போனார்.

இதை இன்று அவர்கள் இருவருடைய சம்மதத்தோடுதான் சொல்லுகிறோம்.

அடுத்து வந்த மாத முதல் வெள்ளிக்கிழமை. நோயாளிகளுக்கு நற்கருணை எடுத்துச் செல்லும் நாள். எங்கள் பட்டியலில் புதிதாக ஒரு வீடு சேர்ந்திருந்தது. போய்ப் பார்த்தால் அந்தத் தம்பதியரின் வீடு. உள்ளறையில் கட்டிலில் கணவரின் தாய். கிணற்றில் தண்ணீர் இறைத்த அதே தாய். பக்கவாதம் வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இடது பக்கம் முழுவதும் அசைவில்லை. பேச்சு குழறல்தான், ஆனால் நினைவு தெளிவு. நற்கருணை வாங்கிய பிறகு அந்த அம்மா வலது கையால் சிலுவை அடையாளம் வரைந்ததைப் பார்த்தால் நமக்கே பக்தி வரும்.

எங்கள் கண் போன இடம் வேறு. கட்டில் பக்கத்துச் சுவரில் காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் ஒரு அட்டவணை எழுதி ஒட்டியிருந்தது. 5, 7, 9, 11 என்று மணிகள். என்ன என்று கேட்டோம். "அத்தையத் திருப்பிப் படுக்க வைக்கிற நேரம் சாமி. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பலைன்னா முதுகுல புண்ணு வந்துரும்" என்றார் மருமகள். அதற்கு நடுவில்தான் சமையல், துணி, அத்தைக்குக் குழைத்த சோறு ஊட்டுவது, கழுவித் துடைப்பது எல்லாம். கணவர் துறைமுகத்தில் வேலை பார்க்கிறார். காலை எட்டு மணிக்குப் போனால் இரவு ஏழு ஆகும்.

"டாக்டர் அரை மணி நேரம் நடக்கச் சொல்லுதாரு. எந்த அரை மணி நேரம் சாமி? விடியமுன்ன போனா இருட்டு, தெரு முக்குல நாயி. விடிஞ்சு போகணும்னா அத்தைய உள்ள வச்சு வெளிய பூட்டிட்டுத்தான் போகணும். நான் அந்தப் பக்கம் போயிருக்கும்போது அவுங்க கூப்பிட்டா?" அவர் கோபமாகச் சொல்லவில்லை. அடுப்பைப் பற்றிப் பேசுவதுபோல் சாதாரணமாகத்தான் சொன்னார்.

பிரியமானவர்களே, அன்று பங்கு இல்லத்துக்குத் திரும்பும் வழியில் எங்களுக்கு வெட்கமாக இருந்தது. சிரிப்புக்கு ஒரு சைக்கிள் கிடைத்தது, சிரித்துவிட்டோம். அந்தக் கேள்வி எந்த வீட்டிலிருந்து வந்தது என்று நாங்கள் கேட்கவே இல்லை.

லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கோபுரம் கட்ட விரும்பும் ஒருவனைப் பற்றிச் சொல்கிறார். அவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான். இல்லையேல் அடித்தளம் போட்டதோடு நின்றுபோய், பார்ப்பவர்களின் ஏளனத்துக்கு ஆளாவான். அது சீடராகும் விலையைப் பற்றிய போதனைதான், கடைக்குப் போகிறவர்களுக்கான அறிவுரை அல்ல. ஆனாலும் ஆண்டவர் அந்த உவமைக்கு எடுத்துக்கொண்டது நாம் அன்றாடம் செய்கிற ஒரு காரியத்தை. உட்கார வேண்டும் என்கிறார். நின்றுகொண்டே, சிரித்துக்கொண்டே கணக்குப் போட முடியாது. நாங்களோ அவர்களுக்காக உட்காரவே இல்லை; நேரே ஏளனத்துக்குப் போய்விட்டோம்.

ஆகவே அந்த வாரமே அவர்கள் வீட்டில் போய் உட்கார்ந்தோம். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, மூன்று பேருமாக. கட்டிலில் இருந்தவரையும் சேர்த்தால் நான்கு பேர்.

முதலில் பணக் கணக்கு. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் மூன்று ஆண்டுகள் மிதித்தால் 780 நாள். 78,000 ரூபாயை அதால் வகுத்தால் ஒரு நாளைக்கு 100 ரூபாய். முப்பதே நாள் மிதித்துவிட்டு மூலையில் நிறுத்தினால் ஒரு நாளைக்கு 2,600 ரூபாய். பொருள் ஒன்றுதான், விலையும் ஒன்றுதான். அது அதிக விலையா குறைந்த விலையா என்பது வாங்குகிற நாளில் தெரியாது. பிறகு அந்தத் திரை. அதில் பாடம் நடத்துகிறவர்களைப் பார்த்துக்கொண்டே மிதிக்கலாம். ஆனால் அதற்கு மாதாமாதம் தனிச் சந்தா. சந்தா நின்றால் திரையும் பெரும்பாலும் வெறும் கண்ணாடிதான். இனி, வட்டியில்லாத் தவணை என்கிறார்களே, அதையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். மொத்தமாகப் பணம் கட்டுகிறவருக்குக் கிடைக்கிற தள்ளுபடி பல நேரங்களில் தவணைக்காரருக்குக் கிடைப்பதில்லை. வங்கி அட்டையில் தவணை போட்டால், வட்டி என்று ஒரு தொகையைக் கணக்கில் காட்டி அதைக் கழித்துக் கொடுத்தாலும், அந்தத் தொகைக்கு 18 விழுக்காடு சரக்கு-சேவை வரி உண்டு. செயலாக்கக் கட்டணம் என்று வேறு ஒன்று வரும். பெரிய தொகை இல்லை. ஆனால் இல்லை என்று சொல்லப்பட்டது இருக்கிறதே!

இரண்டாவது, உடம்புக் கணக்கு. இதை நாங்கள் எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொண்டு போனோம். வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்புச் செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அரை மணி வீதம் ஐந்து நாள். அதை ஒரே மூச்சில் செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பத்துப் பத்து நிமிடமாகவும் சேர்க்கலாம். சாப்பிட்ட பிறகு பத்து, பதினைந்து நிமிடம் காலை அசைத்தால், அந்த வேளைச் சாப்பாட்டினால் ஏறுகிற சர்க்கரை அதிகம் ஏறாமல் அடங்குகிறது. உழைக்கிற தசை இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. உழைத்து முடித்த பிறகும் அந்த நன்மை ஓரிரு நாள் நீடிக்கிறது, அதற்குமேல் இல்லை. அதனால்தான் சர்க்கரை உள்ளவர்கள் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடக்கூடாது என்கிறார்கள். திங்கள்கிழமை ஒரேயடியாக இரண்டு மணி நேரம் மிதித்துவிட்டு அடுத்த திங்கள்வரை காத்திருப்பதில் பயனில்லை. இன்சுலின் போடுகிறவர்களும் சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வெறும் வயிற்றில் மிதித்தால் சர்க்கரை அதிகமாக இறங்கி மயக்கம் வரலாம். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ அந்த நிமிடமே இறங்கிவிட வேண்டும்.

மிதமான உழைப்பு என்றால் எவ்வளவு என்று கேட்டோம். மிதிக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது என்றார் மருத்துவர். நமக்கு அதைவிட நல்ல அளவுகோல் இருக்கிறது. அருள் நிறைந்த மரியே வாய்விட்டுச் சொல்ல வர வேண்டும். மாதா பாட்டுப் பாட மூச்சு போதக்கூடாது. ஐந்து பத்து மணியும் பிரார்த்தனையும் முடிய ஏறக்குறைய இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆகும். திரைக்குச் சந்தா கட்ட வேண்டியதில்லை.

நடையா, சைக்கிளா என்றால் பொதுவாக நடைதான் நல்லது. காசு செலவில்லை, வெயில் படும், நாலு பேரைப் பார்க்கலாம், உடம்பின் கனத்தை நாமே சுமந்து நடப்பதால் எலும்புக்கும் வலு. மிதிப்பதில் எலும்புக்கு அந்த நன்மை குறைவு. நம் அரசுகூட 2023இல் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை ஒதுக்கி, 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று அழைத்தது. நல்ல திட்டம். முடிந்தவர்கள் எல்லாரும் போக வேண்டும். ஆனால் மூட்டு தேய்ந்தவர்களுக்கும், தடுமாறி விழுந்துவிடுவோமோ என்று பயப்படுகிறவர்களுக்கும், வீட்டை விட்டு அகல முடியாதவர்களுக்கும் அந்த 8 கிலோமீட்டர் எட்டாத தூரம். அவர்களுக்கு நின்ற இடத்தில் ஓடுகிற சைக்கிள் ஆடம்பரம் ஆகாது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணித்தது. அந்தப் பத்துக் கோடியில் எத்தனை பேர், எந்த அரை மணி நேரம் என்று கேட்டபடி ஒரு கட்டிலின் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறார்களோ!

இந்த இடத்தில் கணவர் மறுபடியும் ஏழைகளை எடுத்தார். நல்ல மனிதர்தான், வின்சென்ட் தே பவுல் சபையில் இருக்கிறவர். அவர் ஏழைகளைப் பற்றிப் பேசினால் அதில் பொய் இருக்காது. ஆனாலும் அவரிடம் ஒன்று கேட்டோம். "போன வருஷம் நீங்க புது பைக் எடுத்தீங்களே, அப்போ யார்கிட்ட போய்க் கேட்டீங்க?" அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது வேலைக்குப் போக வேண்டியது சாமி" என்றார். "இவங்க செய்யிறது?" என்றோம்.

பெத்தானியாவில் மரியா நறுமணத் தைலத்தை ஆண்டவரின் காலடியில் ஊற்றியபோது, அதை முந்நூறு தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டவன் யார் என்பதை யோவான் நற்செய்தி 12ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்தக் கணவரை யூதாசோடு ஒப்பிடவில்லை, ஆண்டவர் மன்னிப்பாராக. நாம் கவனிக்க வேண்டியது, ஏழைகளின் பெயர் எப்போது நம் வாயில் வருகிறது என்பதை. நாம் விரும்புகிற பொருளை வாங்கும்போது வராமல், வீட்டில் இன்னொருவர் எதையாவது கேட்கும்போது மட்டும் வருகிறதென்றால், அந்த நேரத்தில் ஏழைகள் நமக்கு ஒரு கேடயம், அவ்வளவுதான்.

நாமும் மாசற்றவர்கள் அல்லர். நம் உடல் தூய ஆவி குடிகொள்ளும் கோயில் என்று பவுல் அடியார் கொரிந்தியருக்கு எழுதியதை நாங்கள் எத்தனையோ முறை மறையுரையில் எடுத்திருக்கிறோம். இளையோர் கூட்டத்தில் எடுத்திருக்கிறோம், திருமணத் தயாரிப்பு வகுப்பில் எடுத்திருக்கிறோம். குருமடத்தில் நான்கு ஆண்டு இறையியல் படித்து வந்த நாங்கள், நாற்பத்தொன்பது வயதில் சர்க்கரையோடு அடுக்களையில் நிற்கிற ஒரு தாயின் உடம்பும் அதே கோயில்தான் என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. உயிரும் உடல்நலமும் கடவுள் நம்மிடம் ஒப்படைத்த அரிய கொடைகள், அவற்றை அறிவோடு பேண வேண்டும் என்று திருஅவையின் மறைக்கல்வி நூல் 2288ஆம் எண்ணில் கற்பிக்கிறது. அதற்கு அடுத்த எண்ணிலேயே, உடலையே தெய்வமாக்கி அதற்கு எல்லாவற்றையும் பலியிடுவதைக் கண்டிக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். ஆனால் நம் வீடுகளில் உடலைத் தெய்வமாக்குகிற ஆபத்து யாருக்கு இருக்கிறது? கண்ணாடி முன்னால் நின்று புஜத்தை மடக்கிப் பார்க்கிற தம்பிக்கு இருக்கலாம். அவனுடைய அம்மாவுக்கு இல்லை.

அசிசி நகர் பிரான்சிசை எடுத்துக்கொள்ளுங்கள். தம் உடலை அவர் 'சகோதரன் கழுதை' என்று அழைப்பார். அதைப் பட்டினி போட்டார், குளிரில் நடத்தினார், ஓய்வு கொடுக்கவில்லை. 1226இல் அவர் இறக்கும்போது வயது ஏறக்குறைய நாற்பத்தைந்துதான். கடைசி நாட்களில், அந்தச் சகோதரனுக்கு எதிராகத் தாம் மிகவும் குற்றம் செய்துவிட்டதாக அவரே ஒப்புக்கொண்டார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். தவத்தில் அவ்வளவு உயர்ந்தவர் கழுதையிடம் மன்னிப்புக் கேட்டார். நாமோ நம் வீட்டுக் கழுதை யார் என்றுகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

கணக்கு இன்னும் முடியவில்லை. நோட்டில் மூன்றாவதாக ஒன்று எழுத வேண்டியிருந்தது. அதுதான் கடினமானது.

நல்ல பாவசங்கீர்த்தனம் செய்ய ஐந்து காரியம் வேண்டும் என்று சிறுவயதில் ஞானோபதேசத்தில் படித்தோம். பாவங்களை நினைவுகூருதல், மனத்துயர், பிரதிக்கினை, சங்கீர்த்தனம், அபராதம் தீர்த்தல். இதில் பிரதிக்கினை சுலபமாக வந்துவிடும். ஒரு பெரிய பொருளை வாங்குகிறபோது நாம் செய்வது பெரும்பாலும் பிரதிக்கினைதான். பணம் கட்டிய அன்றே உடம்பு பாதி இளைத்துவிட்டதுபோல் ஒரு நிறைவு வரும். தவக்காலத்துக்குப் புதிதாக ஒரு செபப் புத்தகம் வாங்கி அலமாரியில் வைக்கிறோமே, அதே நிறைவு. ஆனால் அபராதத்தைக் காசு கொடுத்து இன்னொருவரைச் செய்யச் சொல்ல முடியாது. அதை நாமேதான், ஒவ்வொரு நாளாகத்தான் செய்ய வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். அந்த வீட்டில் நேரம் யாரிடம் இருக்கிறது?

எனவே கணவரிடம் கேட்டோம். 78,000 ரூபாயில் சேராத ஒரு விலை இருக்கிறது. காலை ஐந்தரையிலிருந்து ஆறு பத்து வரை நாற்பது நிமிடம். அந்த நேரத்தில் அம்மாவைப் பார்த்துக்கொள்வது, கூப்பிட்டால் எழுந்து போவது, வேண்டிய பணிவிடை செய்வது, எல்லாம் மகனுடைய பொறுப்பு. சைக்கிள் அடுத்த அறையில்தான் இருக்கும், ஆனாலும் மருமகள் இறங்கி வரக்கூடாது. அது முடியுமா? முடியாதென்றால் ஐயாயிரம் ரூபாய்ச் சைக்கிளும் வீண்தான். அம்மா ஒவ்வொரு முறை முனகும்போதும் இவர் இறங்கி ஓட வேண்டியிருந்தால், பத்து நாளில் அதில் துணி காயும். எங்கள் வராந்தா அனுபவத்தில் சொல்லுகிறோம்.

அவர் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா குழறலாக ஏதோ சொன்னார். எங்களுக்கு விளங்கவில்லை. மருமகள் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார்: "இவரைப் பெத்து வளத்தவ நான், எனக்கு இவரு தண்ணி குடுத்தா குறைஞ்சு போவாரான்னு கேக்காங்க."

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கணவர் அந்த நாற்பது நிமிடத்தை ஏற்றுக்கொண்டால், மருமகள் வெளியே நடக்கவே போகலாமே, சைக்கிள் எதற்கு என்ற கேள்வி வருகிறது. நியாயமான கேள்வி. அதை நாங்களும் கேட்டோம். கணவருக்கு மாதத்தில் பத்து நாள் இரவுப் பணி உண்டு. அந்த நாட்களில் விடியற்காலை அவர் வீட்டில் இருக்க மாட்டார். மழைக்காலம் வேறு. அதுபோக, அந்தச் சகோதரிக்கு வலது மூட்டு போன ஆண்டிலிருந்தே வீக்கம். எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது வாங்குவதில் அர்த்தம் இருப்பதாகத்தான் தெரிந்தது. ஆனாலும் உடனே வாங்க வேண்டாம் என்றோம்.

மறுநாள் எங்கள் கோயில்பிள்ளை பீடத்துணிகளை எடுத்துவிட்டு, சைக்கிளைத் துடைத்து எண்ணெய் விட்டு, ஒரு ஆட்டோவில் ஏற்றினார். சாம்பல் புதன் அன்று தொடங்கச் சொன்னோம். ஞாயிறு நீங்கலாகத் தவக்காலம் நாற்பது நாள். மிதித்த நாளில் காலண்டரில் ஒரு சிலுவைக் குறி. புனித சனிக்கிழமை எண்ணிப் பார்ப்போம், அதற்குப் பிறகு வாங்குவதைப் பேசுவோம் என்று முடிவானது. இருக்கையை மட்டும் சரியாக வைத்துக் கொடுத்தோம். மிதிகட்டை கீழே போகும்போது முழங்கால் முழுக்க நீளாமல் சற்றே மடங்கியிருக்க வேண்டும். இருக்கை தாழ்வாக இருந்தால் மூட்டுவலிக்காரர்களுக்கு வலி கூடும். பலர் சைக்கிளைக் குறை சொல்லுவதற்கு இதுதான் காரணம்.

(ஓர் இடைச்செருகல். இத்தாலியில் கிசாலோ என்ற இடத்தில் மலைமேல் மாதாவுக்கு ஒரு சிற்றாலயம் இருக்கிறது. 1949இல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் அந்த மாதாவைச் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் பாதுகாவலியாக அறிவித்தார். நின்ற இடத்தில் ஓடுகிற சைக்கிளும் அதில் அடங்குமா என்று எங்கள் உதவிப் பங்குத்தந்தை கேட்டார். அடங்கும் என்றே வைத்துக்கொண்டோம்.)

புனித சனிக்கிழமை எண்ணியபோது முப்பத்தொரு சிலுவைக் குறி இருந்தது. விட்டுப்போன ஒன்பது நாளில் மூன்று நாள் அத்தைக்குக் காய்ச்சல். இரண்டு நாள் கணவர் தூங்கிவிட்டார். அதை அவரே எழுதி வைத்திருந்தார். மற்ற நாட்களுக்குக் காரணம் எழுதவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சர்க்கரை எவ்வளவு குறைந்தது என்று நேயர்கள் கேட்பீர்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற பரிசோதனை அடுத்த மாதம்தான். அதுவரை நாம் ஒன்றும் சொல்லக்கூடாது.

பிறகு வாங்கினார்கள். அந்த 78,000 ரூபாய்ச் சைக்கிளை அல்ல. தங்களுக்கு என்ன வேண்டும் என்பது அந்த நாற்பது நாளில் அவர்களுக்கே தெரிந்துவிட்டது. எங்கள் பழைய சைக்கிளில் பட்டை உரசி இறுக்கம் கொடுக்கும். அது தேயும், கீச்சிடும், அத்தையின் தூக்கம் கெடும். எனவே காந்தத்தால் இறுக்கம் தருவது வேண்டும். அதில் சத்தமே இல்லை. இருக்கை உயரம் மாற்ற வர வேண்டும். ஏறி உட்கார்ந்தால் ஆடாத அடிச்சட்டம் வேண்டும். பழுதானால் இங்கேயே வந்து பார்க்க ஆள் வேண்டும். திரை வேண்டாம். இத்தனையும் உள்ளது 19,000 ரூபாய்க்கு நகரத்துக் கடையிலேயே கிடைத்தது. மொத்தமாகப் பணம் கட்டி, ஏறி மிதித்துப் பார்த்து எடுத்து வந்தார்கள். எங்கள் பழையது திரும்பி வந்துவிட்டது. கோயில்பிள்ளைக்கு மகிழ்ச்சி.

போன வாரம் மறுபடியும் முதல் வெள்ளி. நற்கருணை கொடுத்து முடித்ததும் அந்த அம்மா எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். இம்முறையும் மருமகள்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. சைக்கிளில் ஓடிய தூரத்தைக் காட்டுகிற சின்ன அளவி ஒன்று இருக்கிறதல்லவா? தினமும் அது காட்டுகிற கிலோமீட்டரை அத்தை கேட்டுக் கேட்டு மனதுக்குள் கூட்டிவைக்கிறாராம். நன்றாக இருந்த காலத்தில் தூத்துக்குடியிலிருந்து வேளாங்கண்ணிக்கு மூன்று முறை நடந்து போன கால் அது. கடற்கரைச் சாலையில் எந்த ஊருக்குப் பிறகு எந்த ஊர் என்று அவருக்கு மனப்பாடம். சாயல்குடி போயாயிற்று, இராமநாதபுரம் போயாயிற்று. இப்போது தொண்டி பக்கம் வந்துவிட்டார்களாம். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, அப்படியே உள்ளே திரும்பி ஓரியூர் அருளானந்தரையும் பார்த்துவிட்டுப் போகலாமா, அதற்கு எத்தனை நாள் கூடுதலாகும் என்று சாமியிடம் கேட்டுச் சொல்லச் சொல்லுகிறார்.